கம்பி அடங்கும் வரை

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பெரியம்மாவும் சுகமா? எனக்குத் தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் சுகம்தான். குரல்வளையில் கொப்புளமாம். டாக்டர் வாயைத் திறக்கவே கூடாது என்றுவிட்டார். சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் அம்மாவிடம் சாப்பாடு கேட்கிறேன். பிறந்த நாளிலிருந்து கத்திக் கத்தியே 'சைரன்' என்று பேர் வாங்கியவனுக்கு வந்த கதியைப் பார். பேச முடிந்திருந்தாலும் உன் போனில் எனக்கு இடமில்லை. உன் தம்பி அவசரத்தைச் சுடுகாட்டுக்கு வழியனுப்பிய மறுவாரமே என் எண்ணை அடைத்துவிட்டாய். அதனால்தான் தபாலை நம்பி எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அவசரத்தின் லேப்டாப் உன்னிடம் இருக்கிறது. எங்கள் பேண்டின் முதல் ஆல்பத்துக்கு அவன் வாசித்த கிட்டார் முழுவதும் அதில்தான் இருக்கிறது. டிரம்ஸ் முடிந்தது, பேஸ் முடிந்தது, நான் கத்த வேண்டியதைக் கத்தித் தொண்டையையும் முடித்துக்கொண்டாயிற்று. புது ஆளை வைத்து வாசிக்கலாம் என்றால் ஆல்பத்தை வெளியிடுகிற கம்பெனிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "போனவர் கை அதுல இருக்கணும் தம்பி, அப்பத்தான் ஜனங்க காது கொடுப்பாங்க" என்கிறார். எனக்கும் அதுதான் ஆசை. உனக்கு அவன் தம்பி என்றால் எனக்குப் பெரியம்மா பிள்ளை, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். ஆல்பத்தின் அட்டையில் 'பயிற்சிக்கு வரும் வழியில் எங்களைப் பிரிந்தவனுக்கு' என்று போடப்போகிறோம்.

லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பு. பெரியம்மாவின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
சைரன்


ஜனவரி 19

சைரனுக்கு,

இரண்டு பேரும் இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது. நான் சட்டைகளுக்கு அச்சடித்துக் கொண்டுவந்து போட, வீட்டில் அம்மா மடித்துக் கட்டுகிறாள். உங்கள் பேண்டின் முதல் சட்டைகளையும் இந்தக் கையால்தான் அடித்தேன், ஞாபகம் இருக்கிறதா? மை காய்வதற்குள் எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினான். முதுகுத் தோலில் உங்கள் பேண்டின் பேர் ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் போகவில்லை. அவனுக்கு அவசரம் என்று பேர் வைத்தவள் அம்மா. குறைமாதத்தில் பிறந்தவன், அன்று முதல் எதற்கும் காத்திருந்ததில்லை.

லேப்டாப்பைத் தர மாட்டேன். பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றி இதனுடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பாட்டு மட்டும் இதில் இல்லை. அது வேண்டுமென்றால் ஒரு வேலை செய். பேச முடியாதவன்தானே, எழுது. அந்தப் பாட்டைப் பதிவு செய்த சாயங்காலம் என்ன நடந்தது, அதற்குப் பிறகு அவன் போய்ச்சேரும் வரை உங்களோடு எப்படி இருந்தான், இரண்டையும் எழுது. கேட்பது அம்மா. சின்ன எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியாது, உன் கடிதங்களை அவளுக்குப் படித்துக் காட்டுவது நான். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் பென் டிரைவும் பத்திரமாக வந்தன. நீ வளமாக இரு. தொண்டையில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

பெரியம்மா, இது உங்களுக்கு. எங்கள் பயிற்சி அறை டயர் கடைக்குப் பின்னால் இருக்கிறது. இரும்பு ஷட்டர், இரண்டு படி, உள்ளே சுவர் முழுக்கப் பழைய மெத்தைப் பஞ்சு. எப்போதும் ரப்பர் வாடை. நாங்கள் வருவதற்கு முன்பே அவசரம் வந்து படியில் உட்கார்ந்திருப்பான். அன்றும் அப்படித்தான். கடைசிப் பாட்டில் எல்லாரும் ஒன்றாக மெதுவாக இறங்கி இடிக்கிற இடம் ஒன்று உண்டு. எங்கள் மெட்டல்கோர் இசை என்றாலே அந்த இடத்துக்குத்தான் கூட்டம் காத்திருக்கும். அந்த இடத்தை அவன் வாசித்து முடித்ததும் டிரம்மர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டான். எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகும் தினமும் வந்தான், வாசித்தான், சிரித்தான். ஒரு நாளும் தவறியதில்லை. கடைசியில் அந்த மழை நாளில், பயிற்சிக்கு வரும்போதுதான் லாரி அடித்துவிட்டது. அவன் கிட்டாரைப் பிடித்தபடியே போனான் என்பதுதான் எனக்கு ஆறுதல்.

கடைசிப் பாட்டை அனுப்பு அக்கா. கம்பெனிக்காரர் நெருக்குகிறார்.

அன்புடன்,
சைரன்


பிப்ரவரி 6

சைரனுக்கு,

இங்கே புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உன் தொண்டை ஆறினால் சரி.

படித்துக் காட்டினேன். கட்டிக்கொண்ட இடம் வந்ததும் அம்மா மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு, "யாரு கட்டிக்கிட்டா?" என்று கேட்டாள். டிரம்மர் என்றேன். "அப்படியா" என்றுவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

இன்னும் ஒன்றுதான் கேட்க வேண்டுமாம். வாசித்து முடித்த பிறகு அவன் என்ன சொன்னான்? நீ எழுதியதில் எல்லாரும் அழுகிறார்கள், எல்லாரும் கட்டிக்கொள்கிறார்கள், அவன் மட்டும் வாயே திறக்கவில்லை. ஏதாவது சொல்லியிருப்பானே. அவன் பேச்சு மெல்லிசு, பக்கத்தில் இருந்தவனுக்குத்தான் கேட்கும். பக்கத்தில் இருந்தவன் நீ. யோசித்து எழுது. அவசரமில்லை, அவசரம்தான் போய்விட்டானே.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். சிலேட்டுக்குச் சாக்பீஸ் வாங்கி வாங்கி மாளவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நேற்று நடந்தது போல இருக்கிறது. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "டேய் சைரன், நான் இல்லாமப் போனாலும் இந்தப் பாட்டு இருக்கும்டா" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதோ தெரிந்து பேசியவன் மாதிரி இருந்தது. பெரியம்மாவிடம் சொல். இதையும் அட்டையில் போடலாமா என்று கம்பெனிக்காரர் கேட்கிறார். உனக்குச் சம்மதம் என்றால் போடுவோம்.

கடைசிப் பாட்டு அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

சைரன்


மார்ச் 3

சைரனுக்கு,

அம்மாவுக்கு இருமல் வந்து தேவலையாகிவிட்டது. அதனால்தான் தாமதம். உனக்குச் சுகமாகட்டும்.

அவன் சொன்னதாக நீ எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "நல்லா எழுதுறான்" என்றாள். நானும் அதையேதான் சொல்கிறேன், நன்றாக எழுதுகிறாய். அவன் பசிக்கிறது என்பதைத் தவிர முழுசாக ஒரு வாக்கியம் பேசி இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. உன்னிடம் மட்டும் பேசியிருக்கிறான் போல.

கடைசிப் பாட்டு இதனுடன் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. பதிவின் முதல் சத்தத்திலிருந்து கடைசிச் சத்தம் வரை அப்படியே ஆல்பத்தில் வர வேண்டும். எங்கேயும் வெட்டக் கூடாது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவன் கம்பி அடங்கும் வரை ஓட வேண்டும். இதை எழுதி, நீயும் கம்பெனிக்காரரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அவன் பெயரைப் பயன்படுத்த நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம். அட்டையில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மனது யாருக்கு வரும். நூறு வருஷம் இரு. பெரியம்மாவின் இருமலுக்கு வெந்நீர் கொடு.

கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே இருக்கிறது. கம்பெனிக்காரருக்கு ஒரே சந்தோஷம், "ஆல்பம் அவர் கம்பியில முடியுது, இதைவிட என்ன வேணும்" என்றார். ஹெட்போனில் முழுக்கக் கேட்டேன். சுத்தமாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் சேர்க்காத வெறும் கம்பிச் சத்தம், எறும்பு ஊர்வது மாதிரி. கடைசியில் கம்பி அடங்கி நீளமாக ஓர் அமைதி, அப்புறம் டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு நொடிகூட வெட்ட மாட்டோம், இது என் வாக்கு.

வரும் வாரம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிற மிக்ஸிங். அதன் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும்.

உன் அன்புத் தம்பி,
சைரன்


ஏப்ரல் 2

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்.

மிக்ஸிங் அறையில் எல்லாரும் இருந்தோம். கம்பெனிக்காரர், டிரம்மர், பேஸ் வாசிக்கிறவன். கிட்டாரை வெறும் கம்பியாகப் பதிந்து வைத்துக்கொண்டு, அதைப் பிறகு பெரிய ஆம்ப்ளிஃபையர் வழியாக அனுப்பித்தான் அந்த இடியைக் கொண்டுவருவோம். அதில் போனால் தும்மல்கூட யானை பிளிறுவது போல வரும். கம்பிக்கு அடியில் இருக்கிற பிக்கப், கம்பியை மட்டும் பிடிப்பதில்லை. பக்கத்தில் நின்று ஒருவன் தொண்டை கிழியக் கத்தினால் அதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாயங்காலம் பாட்டு முடிந்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

கம்பி அடங்கியது. அந்த அமைதியில் என் குரல் வந்தது. என்ன வந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை என்று இப்போது புரிகிறது. நீ கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டுத்தான் அனுப்பினாய்.

டிரம்மர் எழுந்து வெளியே போய்விட்டான். கம்பெனிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். "இதுதான்யா ஆல்பம்" என்றார். வெட்டச் சொன்னால் கையெழுத்துத் தாளைக் காட்டுகிறார். நீ ஒரு வார்த்தை எழுதினால் வெட்டிவிடுவார்கள். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சைரன்


ஏப்ரல் 30

சைரனுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவன் போன மறுவாரம் அம்மா அவன் வாசித்ததைக் கேட்க வேண்டும் என்றாள். லேப்டாப்பிலிருந்து அவனுடைய சின்ன ஆம்ப்ளிஃபையருக்கு ஒயர் செருகினேன். அம்மா ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதிர்வது அவளுக்குப் பிடித்திருந்தது. கடைசிப் பாட்டு ஓடி முடிந்தது. நிறுத்தப் போனேன், அதற்குள் ஸ்பீக்கரில் நீ வந்துவிட்டாய். "எத்தனை தடவைடா சொல்றது, தாளத்துக்கு முன்னால ஓடாதன்னு. உன்னைத் தூக்கிச் சுமக்க எங்களால முடியாது. நாங்க வேற ஆளைப் பாத்தாச்சு. ஒயரைப் பிடுங்கிட்டுக் கிளம்பு." அப்புறம் டப். சொன்ன பேச்சுக் கேட்டு ஒயரைப் பிடுங்கியிருக்கிறான். அம்மா கையை எடுக்கவே இல்லை.

நீ விரட்டிய பிறகும் தினமும் சாயங்காலம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டுதான் கிளம்பினான். "பிராக்டிஸ்மா" என்பான். எங்கே போய் உட்கார்ந்திருந்தானோ. கடைசியில் அவனை வீட்டில் கிடத்தியிருந்தபோது எல்லார் முன்னாலும் நின்றுகொண்டு, பயிற்சிக்கு வரும் வழியில் போய்விட்டான் என்று கதறினாயே, எந்தப் பயிற்சிக்கு? யார் கூப்பிட்டு?

உண்மையைச் சொல்ல உனக்கு இரண்டு கடிதம் கொடுத்தேன். ஒன்றில் கட்டிக்கொண்டாய், இன்னொன்றில் அவன் வாயில் வசனம் வைத்தாய். நீ எழுதியிருந்தால் அந்த இடத்தை நானே வெட்டி அனுப்பியிருப்பேன். வெட்டியது ஒன்று, வெட்டாதது ஒன்று, இரண்டும் தயாராக வைத்திருந்தேன்.

வெட்டச் சொல்ல மாட்டேன். கேட்கிறவர்கள் கேட்டுவிட்டு உன் முகத்தில் காறித் துப்பட்டும்.

அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பெரியம்மாவும் நலமாக இருக்க வேண்டும். குரல் திரும்பிவிட்டது, முன்பைவிடக் கரகரப்பாக. ஆனாலும் உன் போன் இன்னும் அடைத்தே இருக்கிறது, எழுதவே செய்கிறேன்.

யாரும் துப்பவில்லை அக்கா. ஆல்பம் வந்த வாரமே தெரிந்துவிட்டது. அந்தக் கடைசி அரை நிமிஷத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். நானும் அவனும் சேர்ந்து நடித்துப் பதிந்தது என்று பேட்டியில் சொன்னேன். தன் சாவைத் தானே எழுதிவைத்த கலைஞன் என்று அவனைப் பற்றிப் பத்திரிகையில் முழுப் பக்கம் வந்திருக்கிறது. மேடையில் பாட்டு முடிந்ததும் விளக்கை அணைப்போம். நான் வாயைத் திறக்கிறதற்கு முன்பே கூட்டம் மொத்தமும் கத்துகிறது, "ஒயரைப் பிடுங்கிட்டுக் கிளம்பு." அந்த டப் வரும்போது எல்லாரும் ஒரே சமயத்தில் குதிக்கிறார்கள், தரையே அதிர்கிறது. பெரியம்மா கையை வைத்துப் பார்க்கலாம்.

முதல் சில ஊரில் மேடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். இப்போது பழகிவிட்டது.

எல்லாம் உன் கைங்கரியம். அதனால் சட்டை ஆர்டரை உன் பட்டறைக்கே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கறுப்புத் துணி, வெள்ளை மை. முன்னால் பேண்டின் பெயர், முதுகில் அந்த வரி. உன் முதலாளி இந்நேரம் சொல்லியிருப்பார். வெள்ளை மை கறுப்பில் ஏற இரண்டு தடவை இழுக்க வேண்டும் என்று நீதானே சொல்வாய்.

உன் தம்பி,
சைரன்


செப்டம்பர் 5

சைரனுக்கு,

அம்மாவுக்குச் சுகமில்லை. நான் இருக்கிறேன். உன்னை விசாரிக்கவில்லை.

சட்டைகள் கிளம்பிவிட்டன. மாட்டேன் என்றால் முதலாளி என்னைக் கிளம்பச் சொல்லியிருப்பார். இரண்டு தடவை இழுத்தேன், ஒவ்வொன்றுக்கும். மையைச் சட்டத்தில் ஊற்றி ரப்பர் பட்டையால் இழுக்கும்போது அந்த வரி தலைகீழாகத்தான் தெரியும், எழுத்து எழுத்தாக வேலை பார்த்தால் படிக்க வேண்டியதில்லை. மடிப்பு வேலைக்கு வேறு ஆள் கேட்டேன், கிடைக்கவில்லை. வீட்டுக்குத்தான் வந்தது. அம்மாவிடம் முன்பக்கத்தை மேலே வைத்து மடி என்றேன். அவளுக்கு அந்த வித்தை தெரியாதா? முதுகைப் பார்த்தாள். எல்லாவற்றையும் மடித்தாள். முதுகு உள்ளே போகும்படி, பிள்ளைக்கு மடிக்கிற மாதிரி மடித்தாள். மறுநாள் படுத்தவள்தான்.

இப்போது என் வீட்டுக்கு எதிரே ஒரு பையன் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறான். நான்தான் உன்னைக் குத்தப் போனேன், கத்தியை எந்தப் பக்கம் பிடித்தேன் என்று இப்போது தெரிகிறது.

அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும், அவள் முதலிலிருந்து கேட்டதும் அதுதான். நீ கிளம்பு என்று சொன்னதற்கும் அவன் ஒயரைப் பிடுங்கியதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது. அதில் அவன் ஏதோ சொல்லியிருக்கிறான். மெல்லிசுக் குரல், பிக்கப்பில் ஏறவில்லை. என்ன சொன்னான்? திட்டினானா, அழுதானா? வசனம் எழுதாதே. உண்மையைச் சொல். இதற்கு மேல் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியம்மாவுக்குச் சீக்கிரம் குணமாகட்டும். நான் சௌக்கியம்.

கேட்டாய், சொல்கிறேன். திட்டவில்லை, அழவில்லை. "சரிடா. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்றான்.

நாங்கள் சிரித்துவிட்டோம். நான் சொன்னதை அவன் வழக்கமான திட்டு என்று எடுத்துக்கொண்டானா, இல்லை எல்லாம் புரிந்துதான் கேட்டானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒயரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

எங்கே போய் உட்கார்ந்திருந்தானோ என்று எழுதியிருந்தாய். எங்கள் படியில்தான். மறுநாளும் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். நாங்கள் பின்பக்கமாக உள்ளே போய் ஷட்டரைத் திறக்காமலே விட்டோம். தட்டினான். கேட்காத மாதிரி வாசித்தோம். அதற்கு அடுத்த நாளும் வந்தான், அதற்கு அடுத்த நாளும். கொஞ்ச நேரம் தட்டுவான், அப்புறம் நாங்கள் முடிக்கும் வரை படியிலேயே இருந்துவிட்டுப் போவான். டிரம்மர் அதை வைத்து ஜோக் அடிப்பான், நாங்களும் சிரிப்போம். அட்டையில் போட்டதில் பொய் கொஞ்சம்தான் அக்கா. பயிற்சிக்கு வரும் வழியில் இல்லை, வந்து தட்டிவிட்டுத் திரும்பிய வழியில்.

அந்த மழை நாளில் ரொம்ப நேரம் தட்டினான். படியில் நனைய முடியாமல் உள்ளே விடச் சொல்லித் தட்டியிருக்க வேண்டும். நாங்கள் சத்தத்தைக் கூட்டினோம். கடைசிப் பாட்டுதான், புது ஆளோடு. தட்டுவது நின்றது. லாரி எங்களுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டயர் கடைக்காரர் ஓடி வந்து ஷட்டரைத் தட்டியிருக்கிறார். அவன்தான் மறுபடி வந்துவிட்டான் என்று நினைத்து நாங்கள் பாட்டை முடித்துவிட்டுத்தான் திறந்தோம்.

பெரியம்மாவுக்கு இதில் எதைப் படித்துக் காட்டுவது என்று நீ பார்த்துக்கொள். சட்டைகள் நன்றாக வந்திருக்கின்றன, எழுத்து பளிச்சென்று இருக்கிறது. எல்லாம் தீர்ந்துவிட்டது. மறுபடி ஆர்டர் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி,
சைரன்